தனிமடலில் திருத்துக

ஏழாம் அஞ்சல் நிலையம். காப்பாளர்: ரெஜினா பர்னாந்து.

நாள் 211 — 08:00

உள்வெப்பம் 19 பாகை. காற்றழுத்தம் சரி. இரண்டாம் அலைவாங்கி நேற்றைப் போலவே அரைப் பாகை விலகி நின்றது, திருத்தினேன். நேற்றிலிருந்து கடத்திய செய்திகள் 1,340. தொலைந்தவை 0.

நிறுவனம் கேட்பது எண்களை மட்டும்தான். மற்றதை எனக்குப் பிறகு இங்கே வருபவருக்காக எழுதுகிறேன். இந்த நிலையத்தில் ஒருவருக்கு மேல் இருக்க இடமில்லை. நீங்கள் வரும்போது நான் போயிருப்பேன். வேலையை நேரில் சொல்லித்தர ஆள் இருக்காது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மிதக்கும் கற்களில் தனித்தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். பனி தோண்டுபவர்கள், தாது அளப்பவர்கள், என்னைப் போலச் செய்தி கடத்துபவர்கள். அவர்களில் தமிழ் பேசும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழு இருக்கிறது. பெயர் பழுது பார்ப்போர் குழு. எது கெட்டாலும் அதில் கேட்கலாம். தெரிந்தவர் பதில் எழுதுவார். எல்லாச் செய்தியும் இந்த நிலையத்துக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். குழுவை ஒழுங்கு பார்ப்பதும் இங்கே இருப்பவரின் பொறுப்பு. உங்களுக்கும் அது வந்து சேரும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பதினொரு விதிகள் உண்டு. 'பதில் சொல்வோர் நடைமுறை' என்று கோப்பில் இருக்கும். கேட்டவரைக் கேலி செய்யாதே. உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். வெறும் நன்றிக்குச் செய்தி அனுப்பாதே, பாதை குறுகியது. வேலை முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுது. ஏழாவது விதி: பிறர் பதிலில் பிழை கண்டால் அவருக்குத் தனிமடலில் சொல், அவரே திருத்திக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு குழுவில் சண்டை இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நாள் 211 — 10:10

10:04க்கு ஒரு கேள்வி வந்தது. நாற்பத்தொன்றாம் கல்லில் பனி தோண்டும் பெண். புதியவர். இங்கிருந்து ஒன்பது ஒளிநிமிடம், ஒரு செய்தி போய்ச் சேர ஒன்பது நிமிடம்.

"எல்லாருக்கும் வணக்கம். எம்பேரு பூங்காவனம். வந்து நாலு மாசம் ஆவுது. கரிவாயு உறிஞ்சுற பொட்டி சரியா உறிஞ்ச மாட்டேங்குது. அளவு ஏறிக்கினே போவுது. காலையில இருந்து தல கனமா கீது. இன்னா பண்ணணும்னு யாராச்சும் சொல்லுங்க. கேக்கத் தெரியாம கேட்டிருந்தா மன்னிச்சிக்குங்க."

பெட்டி எந்த மாதிரி என்று எழுதவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் காற்றுப்பெட்டி விஷயத்தில் எப்போதும் தாணுமாலயன் அண்ணாச்சிதான் பதில் எழுதுவார். இருபது ஆண்டு அனுபவம். நாகர்கோவில்காரர். குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரை முந்திக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நாள் 211 — 11:10

அண்ணாச்சியின் பதில் 10:52க்கு வந்து, தானாகவே எல்லோருக்கும் போய்விட்டது.

"பூங்காவனம் மக்ளே, பயப்படாண்டாம். உறிஞ்சுற மணியெல்லாம் நெறஞ்சு போயிருக்கும். வறுத்து எடுத்தாச் சரியாப் போவும். வெப்பத்தடுப்ப கழத்தி வச்சிட்டு எரநூறு பாகைக்கு ஏத்தி ரெண்டு மணிக்கூர் விடு. நான் இருவது வருசமா இப்படித்தான் செய்யேன்."

10:58க்கு அதைப் படித்தேன். தவறு.

பழைய பெட்டிகளுக்குள் இருப்பவை வெள்ளை மணிகள். கல். அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் வறுக்கலாம். இரண்டு ஆண்டாக வரும் புதுப் பெட்டிகளில் மஞ்சள் மணிகள் இருக்கின்றன. அவை பிசின். நூற்றிருபது பாகையைத் தாண்டினால் சிதைந்து நச்சுக் காற்றை விடும். போன ஆண்டு என் பெட்டிக்கு மணி மாற்றியபோது உறையில் படித்தேன். அண்ணாச்சியின் நிலையம் பழையது. மஞ்சள் மணியை அவர் பார்த்திருக்க மாட்டார். நான்கு மாதத்துக்கு முன் வந்த பூங்காவனத்தின் நிலையத்தில் வெள்ளை மணி இருக்க வாய்ப்பில்லை.

11:03க்குக் குழுவில் போட ஒரு மறுப்பு எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன்.

காரணத்தை எழுதிவைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒச்சப்பன் என்று ஒருவர் குழுவில் இருந்தார். உசிலம்பட்டிப் பக்கம். வேலை தெரிந்தவர், வாய் கெட்டவர். மின்கலம் பற்றி ஒரு மூத்தவர் தவறாகப் பதில் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் அவரை 'மூளை இருக்கா' என்று கேட்டார். அந்த மூத்தவர் பிறகு எழுதவே இல்லை. இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகுதான் விதிகள் வந்தன. ஒச்சப்பனைத் தடை செய்தேன்.

அண்ணாச்சிக்கு அப்படி ஆகக் கூடாது. 11:06க்கு அவருக்குத் தனிமடல் அனுப்பினேன். "அண்ணாச்சி, அந்தப் புள்ளைட்ட இருக்கது மஞ்ச மணியா இருக்கும்னு தோணுது. ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." அவர் இருபத்திரண்டு ஒளிநிமிடத் தூரத்தில் இருக்கிறார். உடனே பார்த்தால் 11:50க்குப் பதில் வரும்.

நாள் 211 — 12:00

பதில் வரவில்லை. வேலையாக இருப்பார்.

பூங்காவனத்திடமிருந்தும் எதுவும் வரவில்லை. இன்னும் தொடங்கியிருக்க மாட்டாள். வெப்பத்தடுப்பைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆகும்.

அலைவாங்கியை மறுபடி சரிபார்த்தேன். விலகவில்லை.

நாள் 211 — 12:33

அண்ணாச்சியிடமிருந்து பதில் இல்லை. 12:31க்குக் குழுவில் போட்டேன். "இப்போதுதான் கவனித்தேன். பூங்காவனம், மணி மஞ்சளாக இருந்தால் சூடேற்ற வேண்டாம். தொடங்கியிருந்தால் நிறுத்தவும். அண்ணாச்சி சொன்னது வெள்ளை மணிக்குச் சரியானதே."

'இப்போதுதான்' என்பது உண்மையல்ல. ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்தேன் என்று எழுத முடியவில்லை.

நாள் 211 — 12:52

12:45. நாற்பத்தொன்றிலிருந்து. அங்கிருந்து புறப்பட்டது 12:36. என் எச்சரிக்கை அங்கே சேர்வதற்கு நான்கு நிமிடம் முன்பு.

"அக்கா கண்ணு எரியிது. மூத்திர நாத்தம் மாரி அடிக்குது. தொண்ட அடைக்குது. பொட்டிய நிறுத்தட்டா வேணாமா?"

12:47க்கு அனுப்பியது: "நிறுத்து. கண்ண தண்ணியில கழுவு, தேய்க்காத. உடனே விண்ணுடை போட்டுக்க. போட்டுட்டு எழுது."

நாள் 211 — 13:30

"போட்டுக்கினேன்க்கா. வலது கண்ணு தெர்ல. எடது கண்ணு கொஞ்சம் தெரிது. அண்ணாச்சி சொன்ன மாரியேதான் பண்ணேன். நான் எதனா தப்பா பண்ணிட்டனா?"

இல்லை என்று அனுப்பினேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது நிமிடம்.

விண்ணுடையில் ஏழு மணி நேரக் காற்று இருக்கும். அதற்குள் நிலையத்தில் உள்ள கெட்ட காற்று முழுவதையும் வெளியே விட வேண்டும். பிறகு சேமிப்புத் தொட்டியிலிருந்து நிரப்ப வேண்டும். தொட்டி ஒருமுறை நிரப்ப மட்டுமே போதும். வெளியே விடும் குழாய் சிறியது. நான்கு மணி நேரம் ஆகும். படிப்படியாக எழுதி அனுப்பினேன்.

நாள் 211 — 18:45

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

17:20. அண்ணாச்சியின் தனிமடல்.

"மக்ளே ரெஜினா, காலத்தெ போனவன் இப்பத்தான் வெளிய இருந்து உள்ள வாறேன். உனக்க மடலப் பாத்தேன். என்ன பொட்டின்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்க தப்பு. ஆனா நீ பதினொண்ணு ஆறுக்கு எனக்கு அனுப்பியிருக்க. அத எல்லாரும் பாக்க போட்டிருக்கலாம்லா? எனக்கு என்ன கொறஞ்சிரும்? நான் என்ன புது மாப்பிள்ளையா, மொகம் கறுத்துப் போகதுக்கு?"



17:24. அவர் குழுவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். சுருக்கமாக, எந்தச் சாக்கும் சொல்லாமல். அருகில் இருப்பவர்கள் உடனே ஆறுதல் எழுதத் தொடங்கினார்கள். யாருக்கும் நேரக்கூடியதுதான் அண்ணாச்சி. மனம் தளர வேண்டாம் அண்ணாச்சி. பூங்காவனத்துக்காகப் பிரார்த்திக்கிறோம்.

18:01. பூங்காவனம்: "காத்து முழுசா போயிட்ச்சு. தொட்டி வால்வு ரெண்டு கீது. எத மொதல்ல தொறக்கறது? அது மேல கீற பொடி எழுத்து படிக்க முடியல."

பதில் உடனே அனுப்பினேன். சிவப்பு முதலில், கால் திருப்பு மட்டும்.

18:09க்குத்தான் கவனித்தேன். அது இன்னும் இங்கிருந்து போகவில்லை. நாற்பத்தொன்றாம் கல்லுக்குப் போகும் பாதையில் ஒரு செய்தி செல்ல நாற்பது நொடி ஆகும். ஆறுதல் செய்திகள் அறுபத்தொன்று வரிசையில் நின்றன. என் பதில் அவற்றின் பின்னால் நின்றது. அவளுடைய காற்று 19:55 வரை.

கடத்துபவர் பிறர் செய்தியைத் தொடக் கூடாது. அது நிறுவனத்தின் விதி, நான் எழுதியதல்ல. வரிசையில் மீதியிருந்த நாற்பத்தொன்பதையும் அழித்தேன். யார் எழுதியது என்று பார்க்கவில்லை.

18:41. "தொறந்துட்டேன். நெறையுது."

நாள் 212 — 09:00

உள்வெப்பம் 19. அழுத்தம் சரி. கடத்தியவை 1,906. தொலைந்தவை 49.

நாற்பத்தொன்றின் அளவுகள் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இந்த நிலையத்தின் வழியே நிறுவனத்துக்குப் போகின்றன. இன்று அவற்றைத் திறந்து பார்த்தேன். நேற்றே பார்த்திருக்க முடியும். பிறர் நிலையத்து அளவுகளை நான் பார்ப்பதில்லை. அதையும் மரியாதை என்றுதான் வைத்திருந்தேன்.

பெட்டியைச் சூடேற்றத் தொடங்கியது 11:40. நூற்றிருபது பாகையைத் தாண்டியது 12:19.

11:03க்கு எழுதியதை அழிக்காமல் அனுப்பியிருந்தால் 11:12க்குச் சேர்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு அலைவாங்கியைச் சரிபார்க்கப் போனேனே, அப்போது அனுப்பியிருந்தால்கூடப் பத்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கும்.

அவள் ஏன் தொடங்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று யோசித்தேன். வெறும் நன்றிக்குச் செய்தி அனுப்பாதே. சேர்ந்த அன்றே விதிகளைப் படித்துவிட்டதாக எழுதியிருந்தாள்.

நாள் 212 — 14:20

பூங்காவனத்தின் நிலையத்தில் காற்று இருக்கிறது. கரிவாயுவை எடுக்க எதுவும் இல்லை. மணிகள் உருகி ஒட்டிக்கொண்டன. கரிவாயு உறிஞ்சும் அவசரக் குப்பிகள் மூன்று நாளுக்கு. மிக அருகில் உள்ள சரக்குக் கப்பல் திருப்பிவிடப்பட்டது. பதினெட்டு நாளில் போய்ச் சேரும் என்று நிறுவனம் அறிவித்தது. அதை அவளுக்கும் அனுப்பினார்கள்.

13:50க்கு அவளிடமிருந்து வந்தது. குழுவில் அல்ல, எனக்குத் தனியாக.

"அக்கா, கணக்கு எனக்கு சரியா வர்ல. குப்பி மூணு நாளு. அதுக்கு மேல எத்தினி நாளு தாங்கும்? நீங்க சொன்னா நம்புவேன்."

எனக்குத் தெரியும். உள்ளே எத்தனை கன அளவு காற்று, ஒரு ஆள் மூச்சில் எவ்வளவு விடுவார், எந்த அளவில் மயக்கம் வரும். பத்து நிமிடக் கணக்கு.

"இன்னிக்கிலருந்து ஆறு நாள். அசையாமப் படுத்திருந்தா ஆறரை."

14:17. "சரிக்கா."

நாள் 213 — 11:00

தடை செய்யப்பட்டவர்களும் குழுவைப் படிக்கலாம். அவர்கள் அனுப்புவது அழியாது. இந்த நிலையத்தில் 'நிறுத்திவைத்தவை' என்று ஒரு கோப்பில் சேரும். நீங்கள் மாதம் ஒருமுறை அதைப் பார்த்து அழிக்க வேண்டும். நான் எட்டு மாதமாகத் திறக்கவில்லை.

இன்று வேறு எதையோ தேடித் திறந்தேன். நாற்பத்து மூன்று செய்திகள். எல்லாம் ஒச்சப்பன். கடைசி ஏழு, நாள் 211இலிருந்து.

முதலாவது இங்கே வந்த நேரம் 10:41. அண்ணாச்சியின் பதிலுக்குப் பதினோரு நிமிடம் முன்பு.

"யோவ், மொதல்ல பொட்டிக்குள்ள மணி என்ன கலருன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்கய்யா. மஞ்சன்னா பிசினு. நூறுக்கு மேல சூடேத்துனா வெசக்காத்து விடும். பொட்டியில ஒண்ணுமே இருக்காது. வெளிய போற வால்வுல பனி புடிச்சிருக்கும், துணிய வச்சுத் தொடச்சா போதும். எவனாச்சும் ஒரு மேதாவி எரநூறுல வறுன்னு சொல்லப் போறான். ரெஜினாம்மா, எம்மேல கோவம்னா பெறகு வச்சுக்கங்க. இத மட்டும் உள்ள விடுங்க."

துணியை வைத்துத் துடைத்தால் போதும்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வெறும் வசவு. எனக்குத்தான். ஐந்தாவது நாள் 211, 15:10.

"வெளக்கெண்ணெய்களா, அது பனி தோண்டுற எடம். அந்தக் குழிக்குள்ள மைனசு நூத்தறுவது பாகை. காத்த ஒரு குழாயில விட்டுக் குழிக்குள்ள எறக்கி மேல கொண்டாந்தா கரிவாயு குழாய்க்குள்ளயே ஒறஞ்சு பொடியா ஒட்டிக்கும். நாலு மணிக்கு ஒருக்கா கழட்டித் தட்டி விட்டாப் போச்சு. பொட்டியே வேண்டாம். இதக் கூடவா யோசிக்க மாட்டீங்க."

ஆறாவதில் குழாயின் அளவுகள். ஏழாவதில் ஒரு வரி. "பொண்ணு இருக்கா இல்லையான்னாவது சொல்லுங்கம்மா."

இரண்டு நாள் போய்விட்டது. அவளுக்கு ஐந்து மிச்சம்.

நாள் 213 — 11:25

ஒச்சப்பனின் செய்திகளை அனுப்ப உட்கார்ந்தேன். கை தானாக வசவுகளை நீக்கத் தொடங்கியது. 'யோவ்' போனது. 'வெளக்கெண்ணெய்களா' போனது. பிறகு நிறுத்தினேன். ஏழு செய்தியையும் வந்தபடியே, வந்த நேரத்தோடு, குழுவுக்கும் அவளுக்கும் அனுப்பினேன். தடையை எடுத்தேன்.

ஒச்சப்பனுக்கு எழுதினேன். இருக்கிறாள். மன்னிக்கவும்.

11:54. "மன்னிப்பெல்லாம் பெறகு. குழாய் அங்க எத்தன மீட்டர் இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

நாள் 215 — 10:30

பூங்காவனம் இருபத்திரண்டு மணி நேரத்தில் செய்து முடித்தாள். ஒரு கண்ணோடு. தோண்டும் கருவியின் குழாய்களை வெட்டி, குழிக்குள் இறக்கி. ஒச்சப்பன் ஒவ்வொரு படியாகச் சொன்னார். அவளைத் திட்டவில்லை. ஒரே ஒருமுறை 'தாயி' என்று எழுதினார். நான் கடத்தினேன். வேறு எதுவும் செய்யவில்லை.

குப்பிகளை அவள் மிச்சம் பிடித்ததால் கரிவாயு 4.1 விழுக்காடு வரை போய், இன்று காலை இறங்கத் தொடங்கியது. 3.8. 3.3. 2.9.

"அக்கா, குழாயத் தட்டுனா வெள்ளையா மாவு கொட்டுது."



 

நாள் 217 — 16:00

ஒச்சப்பனின் செய்திகள் வந்த நேரங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். 10:41ஐ எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி குழுவிலிருந்து விலகிக்கொண்டார். காரணம் எழுதவில்லை. நான் அனுப்பிய மடல் திறக்கப்படாமல் கிடக்கிறது.

பூங்காவனத்திடமிருந்து நேற்றுக் காலை முதல் எதுவும் இல்லை.

ஆனால் அளவுகள் வருகின்றன. கரிவாயு நான்கு மணி நேரம் மெல்ல ஏறுகிறது. பிறகு இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. அது தானாக நடக்காது. யாராவது குழாயைக் கழற்றித் தட்டினால்தான் இறங்கும்.

நாள் 221

நேரம் போடவில்லை. சாப்பிட்டேனா என்று தெரியவில்லை. டப்பா காலியாக இருக்கிறது.

ஏறுகிறது. இறங்குகிறது.

நலமா என்று இரண்டு முறை கேட்டேன். பதில் இல்லை. கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மூன்றாம் விதி. கண் எப்படி இருக்கிறது, தூங்குகிறாயா, எத்தனை குழாய் மிச்சம். பதில் இல்லை.

ஒச்சப்பனும் கேட்டார். அவருக்கு வந்ததாம். "இருக்கேன் அண்ணே." அவ்வளவு. எனக்குத் தெரிய வேண்டும் என்று அவர்தான் எழுதினார்.

நாள் 224 — 13:00

ஒருமுறை ஆறு மணி நேரம் இறங்கவில்லை. 3.6. 3.9. 4.4. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. 4.7இல் இறங்கியது.

அசந்து தூங்கியிருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிறகு வடிகட்டி மாற்றும் நாள் என்று நினைவு வந்தது, மாற்றினேன்.

நாள் 230 — 12:15

சரக்குக் கப்பல் சேர்ந்தது. கப்பல் மருத்துவரின் அறிக்கை இந்த வழியாகப் போனது.

"நிலையக் காப்பாளர் பூங்காவனம் உயிருடன் மீட்கப்பட்டார். வலக்கண் பார்வை இல்லை. நுரையீரலில் நிரந்தரக் காயம். நினைவு தெளிவாக உள்ளது. பேச விருப்பம் காட்டவில்லை."

குழுவுக்கு அறிவித்தேன். வாழ்த்துகள் வந்தன. இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

அப்போது ஒச்சப்பன் வேறொருவருடைய மின்னோடி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் திட்டிக்கொண்டு.

நாள் 232 — 09:30

விதிகளைத் திறந்தேன். ஏழாவதை நீக்கிவிட்டு, 'உயிருக்கு ஆபத்து என்றால் உடனே, எல்லோர் முன்னாலும்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அது முன்பே எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியும். அதை எழுதி வைத்திருந்தாலும் அன்று அனுப்பியிருப்பேனா என்று தெரியவில்லை.

உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரியாது.

நாள் 233 — 15:40

கப்பலிலிருந்து. பூங்காவனம். எனக்கு மட்டும்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கப்பல்ல படுத்துக்கினே எல்லாத்தையும் திரும்பப் படிச்சேன். பன்னண்டு முப்பத்தொண்ணுக்கு 'இப்போதுதான் கவனித்தேன்'னு போட்டுகிறீங்க. அண்ணாச்சி அதுக்கு முன்னாடியே உங்க மடல் வந்துதுன்னு எங்கிட்ட சொன்னாரு. அவர் மேலதான் எல்லாத் தப்பும்னு சொல்லி அழுதாரு. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஒரு மணி மட்டும் தெரியணும். அது தப்புன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

நாள் 233 — 15:58

எழுதியதை அழித்தேன். ஒரு பக்கம் இருந்தது. ஏழாம் விதி, மின்கலம் பற்றித் தவறாகச் சொன்ன அந்த மூத்தவர், அண்ணாச்சியின் வயது, நான் உறுதியாக இல்லாதது.

உறுதியாகத்தான் இருந்தேன். அவள் காரணம் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

நாள் 233 — 16:03

அனுப்பியது: "10:58."

கப்பல் பதினான்கு ஒளிநிமிடத் தூரத்தில் இருக்கிறது.

16:17

அவளுக்குச் சேர்ந்திருக்கும்.

16:31

உடனே எழுதியிருந்தால் இப்போது வந்திருக்கும்.

16:52

பாதையைச் சோதித்தேன். பழுது இல்லை.

17:20

வந்தது.

"சரிங்க மேடம்."